பதினாறாம் எண் கொட்டகை

பெலிகன் ஹார்பர் என்ற குடியிருப்பில் பெலிகன் பறவை கிடையாது. ஹார்பரும் கிடையாது. ஒரு குட்டை உண்டு. அதில் ஒரு முதலை இருந்தது. புதிய கம்பெனி குடியிருப்பை வாங்கிய வாரமே ஆள் வைத்து அதைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது.

"அதுக்கு ஐம்பத்தஞ்சு வயசு ஆகியிருக்காது. விதின்னா விதிதான்" என்றாள் வெர்னா.

ஐம்பத்தைந்து நிரம்பாதவர்கள் அங்கே குடியிருக்கக் கூடாது. வெர்னாவுக்கு எழுபத்தெட்டு. அவள் வீடு 1973இல் ஏதோ ஓர் ஆலையில் செய்து, சக்கரம் பூட்டி இழுத்து வந்து நிறுத்தியது. பன்னிரண்டு அடி அகலம். சுவர் அலுமினியத் தகடு. மனைக்கு வாடகை, வீடு அவளுடையது. அங்கே எல்லோருக்கும் அதுதான் ஏற்பாடு. சக்கரங்கள் இன்னும் வீட்டுக்கு அடியில்தான் கிடந்தன. வடக்கே ஒஹையோவின் குளிருக்குப் பயந்து ஓடிவந்தவர்கள், இனி எங்கும் ஓட வேண்டியதில்லை என்று அவற்றைப் பலகை வைத்து மறைத்திருந்தார்கள்.

கம்பெனிக்குப் பழைய வீடுகள் பிடிக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு அந்த இடத்தில் புது வீடு வைத்தது. இவையும் ஆலையில் செய்தவைதான். ஆனால் அப்படிச் சொல்லக் கூடாது. 'இல்லம்' என்று சொல்ல வேண்டும். எல்லாம் சாம்பல் நிறம். அடிச்சுவரில் கல் மாதிரி பிளாஸ்டிக் ஒட்டியிருக்கும். முன்னால் ஒரு வராந்தா. நாற்காலி போட்டு உட்கார்ந்தால் முழங்கால் கம்பிக்கு வெளியே நீட்டும். அந்த வராந்தாவில் யாரும் உட்கார்ந்து வெர்னா பார்த்ததில்லை. விளம்பரத்தில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முப்பது வயதிருக்கும்.

வெர்னா தூக்குப் பாலத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள். பணக்காரர்களின் படகு வந்தால் சாலையை மறித்துப் பாலத்தைத் தூக்க வேண்டும். போன பிறகு இறக்க வேண்டும். பாய்மரம் எத்தனை அடி உயரம் என்று கேட்டால், படகு என்ன விலை என்று பதில் சொல்வார்கள். மனிதர்கள் மேல் அவளுக்கு இருந்த மரியாதையெல்லாம் அந்த வேலையில் தீர்ந்துபோயிற்று. எது எதற்குள் நுழையும், எது நுழையாது என்ற கணக்கு மட்டும் கண்ணில் தங்கியது.

அவள் மனை எண் பதினாறு. சந்து திரும்பும் முனை. வீட்டுச் சுவரிலிருந்து சந்து ஓரம் வரை நீளும் கார் கொட்டகை ஒன்று இருந்தது. அலுமினியக் கூரை, மூன்று கால்கள். பதினொரு வருஷத்துக்கு முன்பு அடித்த புயலில் அந்தக் கூரை பிய்ந்து குட்டையில் விழுந்தது. ஓரின்தான் அதை எடுத்து வந்து, சுவர் நெடுக நீளமான கீல் வைத்து மாட்டிக் கொடுத்தான். புயல் வருகிறது என்றால் கால்களைக் கழற்றிவிட்டு, கயிற்றால் இழுத்து, கூரையை அப்படியே வீட்டின் மேல் மடித்துக் கட்டிவிடலாம். இரண்டு தடவை கட்டியிருக்கிறார்கள். புயல் நாளில் மேனேஜர்கள் ஊரில் இருப்பதில்லை. அதனால் அது அவர்கள் யாருக்கும் தெரியாது.

ஓரின் பேருந்து மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். வயது எண்பத்தொன்று. எண் பதினேழு, முனை திரும்பியதும் எதிரில். பெலிகன் ஹார்பரில் ஒரு வழக்கம் இருந்தது. காலை ஒன்பது மணிக்குள் வாசலில் ஒரு மஞ்சள் துணியைத் தொங்கவிட வேண்டும். உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம். ஒன்பதரை வரை துணி வரவில்லை என்றால் எதிர்வீட்டுக்காரர் போய்க் கதவைத் தட்ட வேண்டும். வெர்னாவின் துணிக்கு ஓரின் பொறுப்பு. ஓரினின் துணிக்கு வெர்னா. பதினான்கு வருஷத்தில் ஒருவர் கதவை மற்றவர் தட்ட நேர்ந்ததில்லை.

அக்டோபரில் ஓரின் கையெழுத்துப் போட்டான்.

அதைச் சொல்வதற்கு அவன் கையில் காப்பியோடு வந்தான். வெர்னா கொட்டகையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"பழைய வீட்டை அவங்க எடுத்துக்கிட்டு புது வீடு தராங்க. உயிரோட இருக்கிற வரைக்கும் இருந்துக்கலாம்" என்றான்.

"பத்திரம்?"

"அது கம்பெனி பேர்ல இருக்கும்."

"அப்ப வீட்டைக் குடுத்துட்டு வாடகைக்குப் போற."

"அப்படிச் சொல்லாத."

"வேற எப்படிச் சொல்லட்டும்?"

"குளியலறைத் தரை போயிடுச்சு வெர்னா. போன வாரம் கால் உள்ள போச்சு. இடுப்பு வரைக்கும். முக்கால் மணி நேரம் அப்படியே நின்னேன்."

"பலகை வாங்கி அடிச்சிருக்கலாம். ஊர்ல இருக்கிற பஸ்ஸையெல்லாம் ரிப்பேர் பண்ணின ஆளு நீ."

"குனிய முடியல."

"கையெழுத்துப் போட மட்டும் குனிஞ்சியா?"

ஓரின் காப்பியைக் குடித்தான்.

"யோவ், படிச்சியா அதை?"

"கண்ணாடி வீட்ல இருந்துச்சு."

வெர்னா அவன் கையிலிருந்த தாளை வாங்கிப் படித்தாள். மாதக் கடைசிக்குள் புது இல்லத்தை மனையில் நிறுத்த முடியாமல் போனால் ஒப்பந்தம் ரத்து. பழைய வீடு திரும்பக் கிடைக்காது. எந்த மாதத்தின் கடைசி என்று ஒரு தேதி இருந்தது. ஜனவரி முப்பத்தொன்று.

"உன்னை முட்டாள்னு சொன்னா முட்டாளுங்க சண்டைக்கு வருவாங்க" என்றாள்.

டிசம்பரில் ஓரினின் வீட்டை எடுத்தார்கள். சக்கரம் துருப்பிடித்து நகரவில்லை. அதனால் மண்வாரி எந்திரம் ஒன்று வந்து வீட்டின் நடுவில் ஓங்கி ஓங்கிக் குத்தியது. காலை எட்டுக்குத் தொடங்கி பத்தரைக்கு முடித்துவிட்டார்கள். மூன்று லாரி. கடைசி லாரியின் மேல் ஓரினின் குளியல் தொட்டி மல்லாந்து கிடந்தது. அவனை நெடுஞ்சாலை ஓரத்து மோட்டலில் வைத்தார்கள். மோட்டல் ஜன்னலில் அவன் மஞ்சள் துணி கட்டினான். அது யாருக்கும் தெரியாது. ஆனாலும் கட்டியதாகச் சொன்னான்.

புது வீட்டின் முதல் பாதி ஜனவரி இருபத்தெட்டாம் தேதி வந்தது. வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டு மணி.

இந்த வீடுகள் இரண்டு பாதியாகத்தான் வரும். வெட்டிய பக்கத்தை பிளாஸ்டிக் தாளால் மூடியிருப்பார்கள். மனையில் வைத்து இரண்டையும் ஒட்டவைப்பார்கள். இழுவை வண்டி சந்துக்குள் வந்தது. வெர்னா கொட்டகையில் உட்கார்ந்தபடியே பார்த்தாள். நுழையாது என்று தெரிந்தது. முனையில் திரும்ப ஒன்பதடி குறைகிறது. அந்தப் பக்கம் குட்டை.

வண்டி முனையில் நின்றது. டிரைவர் இறங்கினான். ஐம்பது வயதிருக்கும், பெயர் கிளியோன். கொட்டகையைப் பார்த்தான், குட்டையைப் பார்த்தான், கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தான்.

"இதுல இந்தக் கொட்டகையே இல்லையேம்மா" என்றான்.

"இருக்காது. அது கம்பெனி போட்ட படம். கம்பெனிக்குச் சொந்தமானது மட்டும்தான் அதுல இருக்கும். கொட்டகை என்னோடது."

"சரிதான்" என்று சொல்லிவிட்டு கிளியோன் வண்டியின் படியில் உட்கார்ந்து சாண்ட்விச்சைப் பிரித்தான். அவன்மேல் வெர்னாவுக்குக் கொஞ்சம் நல்ல எண்ணம் வந்தது.

மேனேஜர் பிரென்ட் கோல்ஃப் வண்டியில் வந்தான். வயது முப்பத்துநாலு. கிழவிகளை 'மிஸ்' போட்டுக் கூப்பிட்டால் குழைந்துவிடுவார்கள் என்று எங்கோ பயிற்சி கொடுத்திருந்தார்கள். பின்னால் இரண்டு ஆட்கள், கையில் வெட்டும் ரம்பம். ரம்பம் தயாராக இருந்ததை வெர்னா கவனித்தாள்.

"மிஸ் வெர்னா, எப்பவும்போல அழகா இருக்கீங்க."

"விஷயத்துக்கு வா, தம்பி."

"சின்ன வேலை. இந்தக் கொட்டகையை மட்டும் எடுத்துட்டா வண்டி போயிடும். ஒரு மணி நேரம். நீங்க 'சரி'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"எடுத்துட்டு?"

"புதுசா ஒண்ணு கட்டித் தந்துடுவோம்."

"எங்க?"

"இங்கதான்."

"விதி பதினாலு என்ன சொல்லுது?"

பிரென்ட் சிரித்தான். "எல்லாம் நான் மனப்பாடமா வச்சிருப்பேனா, மிஸ் வெர்னா?"

"நான் வச்சிருக்கேன். புதுசாக் கட்டுற கொட்டகைக்கும் சந்துக்கும் நடுவுல ஆறடி விடணும். என்னோட கொட்டகை மொத்தமே பத்தடி. ஆறடி விட்டா மிச்சத்துல சைக்கிள் நிறுத்தலாம். விதி பன்னெண்டு தெரியுமா? கார் நிறுத்தக் கொட்டகை இல்லாத வீடு முப்பது நாள்ல காலி பண்ணணும். அதையும் நீதான் எங்களுக்கு அச்சடிச்சுக் குடுத்த. போன மார்ச்சுல. மேல ஒரு பெலிகன் படம் போட்டிருந்துச்சு."

"உங்களுக்கு நாங்க விலக்கு குடுப்போம்."

"எழுதிக் குடு."

"என் வார்த்தை போதாதா?"

வெர்னா ரம்பம் பிடித்திருந்த ஆட்களைப் பார்த்தாள். போதாது என்று சொல்வதுகூட அவனுக்கு அதிகம்.

அப்போது ஓரின் வந்து சேர்ந்தான். மோட்டலிலிருந்து நடந்தே வந்திருந்தான். கையில் காகிதக் கோப்பை. தன் வீட்டின் பாதி பிளாஸ்டிக் போர்த்தி நிற்பதைப் பார்த்தான். பிளாஸ்டிக் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது.

"மிஸ்டர் லட்ஸ், நல்ல வேளை வந்தீங்க" என்றான் பிரென்ட் ஓரினிடம். "உங்க தோழிகிட்ட நீங்களே சொல்லுங்க. இன்னிக்கு இது உள்ள போகலன்னா ஆலைக்குத் திரும்பிடும். அடுத்த தேதி மார்ச்சுலதான். முப்பத்தொண்ணு தாண்டிடுச்சுன்னா உங்க ஒப்பந்தம் என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

"கண்ணாடி இல்லாம படிச்சவருக்கு எப்படித் தெரியும்?" என்றாள் வெர்னா.

"நீங்க ரொம்ப வருஷமா பக்கத்துல இருக்கீங்க. கொட்டகையை வெட்டாம வேற ஏதாவது வழி இருக்கா, நீங்க சொல்லுங்க, மிஸ்டர் லட்ஸ்."

ஓரின் கூரையைப் பார்த்தான். சுவர் நெடுக அவன் கையால் வைத்த கீல் இருந்தது. வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்ததால் கவனிக்காதவனுக்குத் தெரியாது. பிறகு வெர்னாவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் வீடு உள்ளே போய்விடும். பேரம் பேச அவளுக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது. அடுத்த வாரம் வேறு ஏதாவது விதியோடு வருவார்கள்.

"எனக்குத் தெரிஞ்சு இல்ல" என்றான் ஓரின். காகிதக் கோப்பையிலிருந்து ஒரு வாய் குடித்தான்.

அக்டோபருக்குப் பிறகு முதல் தடவையாக, இவன் முழு வீண் இல்லை என்று வெர்னாவுக்குத் தோன்றியது.

மணி நாலரை ஆயிற்று. வெள்ளிக்கிழமை நாலரைக்குக் குடியிருப்பின் மன்றத்தில் மீன் வறுவல் விருந்து. அதற்குப் போகும் கோல்ஃப் வண்டிகள் இழுவை வண்டிக்குப் பின்னால் வரிசை கட்டின. முதல் வண்டியில் மார்சியா. அவள்தான் முதலில் புது வீட்டுக்கு மாறியவள். அன்றிலிருந்து குடியிருப்பாளர் குழுவின் தலைவி. பழைய வீட்டுக்காரர்களைப் பார்த்தால் இப்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"ஏன் வெர்னா, ஒரு துண்டுத் தகரத்துக்காகவா இவ்வளவு பேரையும் நிறுத்தி வச்சிருக்க?"

"உன் வீட்டுச் சுவரு என்னன்னு நெனச்ச?"

"அது வினைல் பிளாஸ்டிக்."

"அப்ப தகரம் ஒசத்தி."

"மீன் ஆறிடும்."

"ஆறினாலும் சூடா இருந்தாலும் அது ஃப்ரீசர்ல இருந்து வந்த மீன்தான். கடல் அஞ்சு மைல்ல இருக்கு. போய்ப் பிடிச்சுக்கிட்டு வா."

கிளியோன் சாண்ட்விச் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பிரென்ட்டிடம் வந்தான். "சார், சூரியன் அஞ்சு அம்பத்தஞ்சுக்கு அஸ்தமனம். அகல வண்டி அதுக்கப்புறம் ரோட்டுல இருக்கக் கூடாது. அஞ்சேகாலுக்குள்ள ஒண்ணு உள்ள போகணும், இல்ல திரும்பணும். இங்கயே நிறுத்தவும் முடியாது. ஆம்புலன்ஸ் வழி."

பெலிகன் ஹார்பருக்கு ஆம்புலன்ஸ் வாரத்துக்கு இரண்டு தடவை வரும். தபால்காரனைப்போல.

பிரென்ட் அட்லாண்டாவில் இருக்கும் கம்பெனித் தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தான். தள்ளிப்போய் நின்று பேசினான். குட்டை ஓரமாக நடந்துகொண்டே பேசினான். முதலை இருந்திருந்தால் விஷயம் அப்போதே முடிந்திருக்கும். ஐந்து மணிக்குத் திரும்பி வந்தான். மிஸ் என்பதை மறந்துவிட்டான்.

"என்ன எழுதணும்?"

வெர்னா வாசகத்தை மதியமே யோசித்து வைத்திருந்தாள். அவள் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். மனை எண் பதினாறில் உள்ள வீடும் கொட்டகையும் இன்று இருக்கிறபடியே, இருக்கிற இடத்திலேயே, அவளாகக் காலி செய்கிறவரை இருக்கும். இனிமேல் வரும் எந்த விதியும் அவற்றைத் தொடாது. கம்பெனிக்காக மேனேஜர் கையெழுத்து. சாட்சி, இழுவை வண்டி டிரைவர் கிளியோன். அவன் தன் பெயரைப் பள்ளிப் பிள்ளை மாதிரி அழகாக எழுதினான்.

"இருக்கிறபடியேன்னு எழுதச் சொன்னீங்க" என்றான் பிரென்ட். "எப்படியும் வெட்டத்தானே போறோம்?"

"யாரு வெட்டச் சொன்னது?"

வெர்னா தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டாள். பிறகு ஓரினைப் பார்த்தாள். ஓரின் ஏற்கெனவே அவள் கருவிப் பெட்டியைத் திறந்திருந்தான். எண்ணெய் டப்பா எங்கே இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். கீல் நெடுக எண்ணெய் விட்டான். கால்களின் போல்ட்டுகளை, இழுவை வண்டியோடு வந்திருந்த கிளியோனின் ஆட்களில் ஒருவன் கழற்றினான். வீட்டின் மேல் பழைய டிவி ஆன்டெனாக் கம்பம் நின்றது. அதன் கப்பி வழியாகக் கயிறு, பின்சுவரில் கைச்சக்கரம். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன.

"இது மடங்குமா?" என்றான் பிரென்ட்.

"மடங்கும்."

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே."

"என்கிட்ட நீ கேக்கல. வெட்டலாமான்னுதான் கேட்ட."

அவள் இழுவை வண்டிக்குப் பின்னால், சந்தின் நடுவில் போய் நின்றாள். மார்சியாவின் வண்டி அங்குலம் அங்குலமாக முன்னால் வந்துகொண்டிருந்தது. வெர்னா உள்ளங்கையைக் காட்டினாள். வண்டி நின்றது. இருபத்தாறு வருஷம் லாரிகளை நிறுத்திய கை அது.

"டிரைவர், ஹாரன் அடிங்க. ஒண்ணு நீளமா, ஒண்ணு குட்டையா. கேட்டாத்தான் பாலம் திறக்கும்."

கிளியோன் அடித்தான். அவனுக்குப் புரிந்ததோ இல்லையோ, சரியாக அடித்தான். அவள் பின்சுவருக்குப் போய்ச் சக்கரத்தைச் சுற்றினாள். ஓரினும் கிளியோனின் ஆட்களும் கூரை விளிம்பைத் தோளால் முட்டி எழுப்பிக் கொடுத்தார்கள். கூரை முனகிக்கொண்டே எழுந்தது. செங்குத்தாக நின்றது. பிறகு மெல்லப் பின்னால் சாய்ந்து வீட்டின் மேல் படுத்தது. கால்கள் மூன்றையும் ஓரின் புல்லில் வரிசையாகக் கிடத்தினான்.

பாதி வீடு கடந்து போயிற்று. இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் குட்டை. அது கடந்து முடியும்வரை வெர்னா யாரையும் நகர விடவில்லை. முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் விடவில்லை. மீன் ஆறட்டும்.

திங்கட்கிழமை இரண்டாம் பாதி வந்தது. அதே ஹாரன், அதே சக்கரம். உள் வளைவில் இன்னும் பதினொரு பழைய வீடுகள் இருந்தன. அவற்றுக்குப் பதிலாக வரப்போகும் ஒவ்வொரு பாதியும் இந்த முனை வழியாகத்தான் வர வேண்டும். அதைப் பிரென்ட் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்ததை வெர்னா பார்த்தாள். மறுபடி மிஸ் போட ஆரம்பித்திருந்தான்.

பிப்ரவரி இருபதாம் தேதி ஓரின் குடிபோனான். அந்த வீட்டில் வெர்னாவின் பக்கம் ஒரு ஜன்னல்கூட இல்லை. முழுச் சுவர், சாம்பல் நிறம். புது இல்லங்களின் வெளியே எதையும் தொங்கவிடக் கூடாது என்று ஒரு விதியும் இருந்தது. பெலிகன் படத்தோடு.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு எதிரில் மஞ்சள் துணி இல்லை. இருக்காது என்று தெரியும். ஆனாலும் அவள் ஒன்பதரை வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு போய்க் கதவைத் தட்டினாள். அட்டைப் பெட்டியைத் தட்டின மாதிரி சத்தம் வந்தது.

ஓரின் திறந்தான். நடையில் விளக்கு எரிந்தது. உள்ளே பசை வாடை.

"எப்படி இருக்கு மாளிகை?"

"விளக்கு தானா எரியுது, தானா அணையுது. நான் அசையாம உக்காந்தா ஆளில்லன்னு நெனச்சு அணைச்சிடுது. ராத்திரி சாப்பிடறப்போ நாலு தடவை."

"ஜன்னல்?"

"திறக்காது. ஏசி இருக்கே."

"குளியலறைத் தரை?"

"கெட்டியா இருக்கு."

"அது ஒண்ணாவது இருக்கே."

அவன் காப்பி வேண்டுமா என்று கேட்கவில்லை. புது அடுப்பைப் பற்றவைக்க அவனுக்குத் தெரியாது என்று அவள் ஊகித்தாள். இருவரும் நடையில் நின்றார்கள்.

"விதிப்படி ஒன்பதரைக்குத் தட்டணும். தட்டிட்டேன்" என்றாள். "உயிரோட இருக்கியா?"

"இருக்கேன்."

விளக்கு அணைந்தது.

"உன் வீட்டுக்கு அப்படித் தெரியலையே" என்றாள் வெர்னா.

இருட்டில் ஓரின் கையை உயர்த்தி வீசினான். விளக்கு எரிந்தது. அவன் கையில் மஞ்சள் துணி இருந்தது. காலையிலிருந்து அதை எங்கே கட்டுவது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"வா, என் வீட்ல காப்பி இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள்.